கால் அலைநீளம்

60 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு பெருக்கிச் சில்லின் நுண்ணோக்கிப் படத்தை, மின்னணுவியலோடு தொடர்பில்லாத நண்பர்களிடம் காட்டி, 'இதில் டிரான்சிஸ்டர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்' என்று கேட்பேன். எல்லாருடைய விரலும் படத்தில் பெரிதாகத் தெரியும் எண்கோண வளையங்களின் மேல்தான் போய் நிற்கும். அவை மின்தூண்டிகளும் மின்மாற்றிகளும். வளையங்களை இணைத்தபடி மடங்கி மடங்கிச் செல்லும் பட்டைகள் செலுத்துதடங்கள். ஓரங்களில் சதுரம் சதுரமாக இருப்பவை, ஊசிமுனைகளை வைத்து அளப்பதற்கான பேடுகள். டிரான்சிஸ்டர்கள் இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள இடுக்கில், பல உலோக அடுக்குகளுக்கு அடியில் கிடக்கின்றன. படத்தில் அவை ஒரு புள்ளி அளவுக்குக்கூடத் தெரிவதில்லை.

சில்லின் பரப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது இந்த பாஸிவ் உறுப்புகள்தான். ஆற்றலைப் பெருக்கும் திறன் இவற்றுக்குக் கிடையாது. உள்ளே போனதைவிட வெளியே வருவது எப்போதும் குறைவாகவே இருக்கும். சேமிப்பது, திருப்புவது, பிரிப்பது, சேர்ப்பது, ஒரு பகுதியின் இம்பீடன்ஸை அடுத்த பகுதிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது ஆகியவையே இவற்றின் வேலை. சில்லு என்றதும் எல்லோரும் டிரான்சிஸ்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மில்லிமீட்டர் அலைச் சில்லுகளில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்த வளையங்களிலும் பட்டைகளிலும் முடிவாகின்றன என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதை வெளியே உள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

காரணம் எளிமையானது. டிரான்சிஸ்டரைத் தொழிற்சாலை சுருக்கித் தருகிறது. 130 நானோமீட்டர், 65, 28 என்று அது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அலை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. 60 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் காற்றில் நீளம் 5 மில்லிமீட்டர். சில்லின் மேல் உலோகங்களுக்கு இடையே நிரப்பப்பட்டிருக்கும் சிலிக்கான் டை ஆக்சைடில் அது ஏறக்குறைய பாதியாகி 2.5 மில்லிமீட்டர் ஆகிறது. மைக்ரோவேவ் பொறியியல் பாடப்புத்தகங்களில் வரும் அமைப்புகளில் பெரும்பாலானவை கால் அலைநீளத் தடத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆற்றலை இரண்டாகப் பிரிக்க வில்கின்சன் 1960-இல் தந்த பிரிப்பான், நான்கு பட்டைகளால் ஆன சதுர இணைப்பி, ஒன்றரை அலைநீளச் சுற்றளவு கொண்ட வளைய இணைப்பி எல்லாமே அப்படித்தான். கால் அலைநீளம் என்றால் இங்கே சுமார் 0.6 மில்லிமீட்டர். பெருக்கியில் இருக்கும் டிரான்சிஸ்டரோ பத்து, இருபது மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வளைய இணைப்பியை அப்படியே வரைந்தால் அதன் விட்டம் மட்டும் 1.2 மில்லிமீட்டர். சில்லின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் காசு கொடுக்க வேண்டிய இடத்தில் இது கட்டுப்படியாகாது.

இந்த 5 மில்லிமீட்டர் அலைக்கு நம் நாட்டில் ஒரு பழைய வரலாறு உண்டு. 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவர்களைத் தாண்டிச் செலுத்தி மணியடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். அவருக்கு முன் ஹெர்ட்ஸ் ஆராய்ந்த அலைகள் பெரும்பாலும் மீட்டர்க் கணக்கில் நீளமானவை. அவை ஒளியைப் போலவே திரும்புகின்றனவா, விலகுகின்றனவா, தளவிளைவு அடைகின்றனவா என்று நுணுக்கமாகப் பார்க்க அவ்வளவு நீளமான அலை தோதுப்படாது. முப்பட்டகமும் வில்லையும் அறையையே அடைத்துக்கொள்ளும். எனவே போஸ் அலையைக் குறுக்கினார். அவருடைய கருவிகள் 5 மில்லிமீட்டர் வரை இறங்கின. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவற்றைச் செய்துகாட்டினார்.

அவர் செய்தவற்றில் பாதிக்கு மேல் பாஸிவ் உறுப்புகள் என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. அலையைச் சேகரிக்கும் கூம்பு, அலை செல்லும் உலோகக் குழாய், இரண்டு முப்பட்டகங்களுக்கு இடையே உள்ள காற்றிடைவெளியை மாற்றி அலையின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் அமைப்பு ஆகியவை அவற்றில் சில. தளவிளைவுக்கு அவர் எடுத்துக்கொண்டது பிராட்ஷா ரயில் அட்டவணைப் புத்தகம். அதன் தாள்களுக்கு இடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். முறுக்கிய சணல் கற்றைகளை வைத்து, அலையின் தளம் முறுக்கின் திசைக்கு ஏற்ப இடமாகவும் வலமாகவும் சுழல்வதைக் காட்டினார். வங்காளத்தில் எளிதில் கிடைத்த சணல் அது. அவருடைய கருவிகள் கொல்கத்தாவின் போஸ் நிறுவனத்தில் இன்றும் இருக்கின்றன. அந்த இரட்டை முப்பட்டக யோசனை நூறாண்டு கழித்து அமெரிக்காவின் கிட் பீக் மலையில், 12 மீட்டர் வானொலித் தொலைநோக்கியின் 1.3 மில்லிமீட்டர் ஏற்பியில் மறுபடி பயன்பட்டது.

போஸுக்கு அலையைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இருந்தது. மேசைக்கு ஏற்ற அலையை எடுத்துக்கொண்டார். இன்று சில்லு வடிவமைப்பவருக்கு அது இல்லை. அதிர்வெண் முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. 60 கிகாஹெர்ட்ஸில் காற்றின் ஆக்சிஜன் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் விழுங்குவதால் அந்த அதிர்வெண் பட்டை குறுந்தூரத் தொடர்புக்கு ஒதுங்கியது. வாகன ரேடாருக்கு 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2022 ஏலத்தில் 5ஜி-க்காக 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை விற்கப்பட்டது. அலை எது என்பது முன்கூட்டியே தரப்பட்டுவிடுகிறது. அதற்குள் அடங்கும்படி வடிவத்தைக் குறுக்குவது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

குறுக்க வழிகள் இல்லாமல் இல்லை. 1990-இல் ஹிரோத்தாவும் அவருடைய ஜப்பானிய சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தமானது. கால் அலைநீளத் தடம் ஒன்றைப் பாதியாக வெட்டிவிடலாம் என்கிறது அது. 50 ஓம் தடத்தை 70.7 ஓம் தடமாக ஒல்லியாக்கி, இரு முனைகளிலும் நிலத்துக்கு (கிரவுண்ட்) ஒரு மின்தேக்கி போட்டால் போதும். 60 கிகாஹெர்ட்ஸில் அந்த மின்தேக்கி வெறும் 37 ஃபெம்டோஃபாரட். அந்த ஓர் அதிர்வெண்ணில், வெட்டிய தடமும் வெட்டாத தடமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றேதான். பள்ளிக் கோணவியல் தெரிந்த மாணவர் அரைப்பக்கத்தில் நிரூபித்துவிடலாம். அந்த அரைப்பக்கத்தை முதன்முதலாக எழுதிப் பார்க்கும் மாணவர்களின் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கத் தோன்றும். அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒல்லியான தடத்தில் மின்தடை கூடும். அந்த ஓர் அதிர்வெண்ணை விட்டு விலகினால் வெட்டிய தடம் வெட்டாததைவிட விரைவாகத் தடம் மாறும்.

இன்னொரு வழி அலையையே மெதுவாக்குவது. தடத்துக்கு அடியில், அதற்குக் குறுக்காக, எதனோடும் இணைக்காத மெல்லிய உலோகக் கீற்றுகளை நெருக்கமாக அடுக்குகிறார்கள். மின்புலம் கீற்றுகளில் முடிந்துவிடுவதால் மின்தேக்கம் கூடுகிறது. மின்னோட்டமோ தடத்தின் நீளவாக்கில் கீற்றுகளில் ஓட முடியாததால் காந்தப்புலம் தொந்தரவில்லாமல் பரவுகிறது, தூண்டல் குறைவதில்லை. இரண்டும் சேர்ந்து அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் குறைந்தால் அலைநீளமும் குறையும். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் சியூங், லாங் இருவரும் 2006-இல் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். கீற்றுகள் அடியிலுள்ள சிலிக்கானிலிருந்து அலையை மறைத்தும் விடுகின்றன. குறுகலும் காப்பும் சேர்ந்தே கிடைக்கும் இடங்கள் இந்தத் துறையில் அரிது. அதனால் இந்தக் கீற்றுகள் மேல் எனக்குத் தனி மதிப்பு.

மூன்றாவது வழி, தடத்தையே கைவிட்டுச் சுருட்டிவிடுவது. 2005-இல் பெர்க்லியில் 130 நானோமீட்டர் சிமாஸ் தொழில்நுட்பத்தில் 60 கிகாஹெர்ட்ஸ் பெருக்கி செய்து காட்டியபோது அதில் பெரும்பாலும் செலுத்துதடங்களே இருந்தன. வெகு சீக்கிரத்தில் பல வடிவமைப்பாளர்கள் மின்மாற்றிகளுக்கு மாறினார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக, அல்லது ஒன்றுக்குள் ஒன்றாக, இரண்டு வளையங்கள். அவ்வளவுதான் மின்மாற்றி. அது இம்பீடன்ஸை மாற்றும், ஒற்றைக் குறிகையை இரட்டையாக்கும், இரண்டு நிலைகளுக்கு இடையே நேர்மின்னோட்டத்தைப் பிரித்துவைக்கும், நடுப்புள்ளி வழியாக டிரான்சிஸ்டருக்கு மின்வழங்கலையும் கொண்டுவரும். நான்கு உறுப்புகள் செய்ய வேண்டிய வேலை, ஐம்பது அறுபது மைக்ரோமீட்டர் விட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இதில் விலை என்பது எப்போதும் இழப்புதான். 1 டெசிபல் இழப்பு என்றால் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. அனுப்பும் பக்கத்தில் அது மின்கலத்தைத் தின்னும். பெறும் பக்கத்தில் முதல் பெருக்கிக்கு முன்னால் இருந்தால் அந்த 1 டெசிபல் அப்படியே இரைச்சல் கணக்கில் ஏறும். பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் அது திரும்ப வராது. மில்லிமீட்டர் அலையில் டிரான்சிஸ்டர் ஒரு நிலைக்குத் தரும் பெருக்கமே சில டெசிபல்தான் என்பதால் இந்த ஒரு டெசிபலும் அரியது.

இழப்பு எங்கே நடக்கிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 60 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.27 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. மேலடுக்கு உலோகத்தை 3 மைக்ரோமீட்டர் தடிமனாகக் கொடுத்திருந்தாலும் உள்பகுதி சும்மா கிடக்கும். வளையமாக வளைத்தால் மின்னோட்டம் உள்விளிம்புக்குப் போய் நெருக்கிக்கொள்ளும். பட்டையை அகலமாக்கினால் இழப்பு குறையும் என்று நம்பிக் கூடுதல் இடத்தைக் கொடுத்தால், அந்த இடத்தில் மின்னோட்டம் வரவே வராது. அடியில் இருக்கும் சிலிக்கான் இன்னும் சிக்கலானது. சாதாரணச் சில்லுகளில் அதன் மின்தடை எண் 10 ஓம்-சென்டிமீட்டர் அளவு. நல்ல கடத்தியாகவும் இல்லை, நல்ல காப்பானாகவும் இல்லை. மேலே ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலம் அதில் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பிவிடும்.

சிலிக்கான் மேல் மின்தூண்டி வைப்பதில் பயனில்லை என்பதே வெகுகாலம் பொதுவான எண்ணமாக இருந்தது. 1990-இல் பெர்க்லியின் நுயென், மேயர் இருவரும் அதை வைத்துக் காட்டினார்கள். இழப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கிறது என்பதைக் காட்டும் தரக் காரணி 10-ஐக்கூட எட்டவில்லை. ஆனாலும் அதுவே ஒரு கதவைத் திறந்தது. கைபேசிகளின் ரேடியோ பகுதி சிலிக்கானுக்குள் வந்ததில் கொசுவத்திச் சுருள் போன்ற அந்தச் சுருள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் யூ, வோங் இருவரும் சுருளுக்கும் சிலிக்கானுக்கும் நடுவே ஓர் உலோகத் தகட்டை வைத்து, சுழல் மின்னோட்டம் ஓட விரும்பும் திசைக்குக் குறுக்காக அதை வெட்டிவிட்டார்கள். மின்புலத்துக்குத் தடை, காந்தப்புலத்துக்கு வழி. ஒரு வெட்டின் திசையால் இரண்டையும் பிரித்தறிய முடிந்தது. மில்லிமீட்டர் அலைக்கு வரும்போது அந்தத் தகடு கூட்டும் மின்தேக்கம் சில நேரம் இடைஞ்சலாகிவிடும். அதனால் அதை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியாது.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சில்லுகளில் பழகியவர்கள் இங்கே வரும்போது மாற்றிக்கொள்ள வேண்டிய இன்னொரு பழக்கமும் இருக்கிறது. அங்கே நோஞ்சான் உறுப்பு மின்தூண்டி. இங்கே நிலைமை மாறிவிடுகிறது. மின்தேக்கியின், குறிப்பாக மின்னழுத்தத்தால் மாற்றக்கூடிய வகையின், தரக் காரணி அதிர்வெண் ஏற ஏற இறங்கிக்கொண்டே வரும். மின்தூண்டியோ சிறிதாகி, ஒற்றைச் சுற்றாகி, முன்னைவிட நன்றாகவே நடந்துகொள்ளும். எதை மாறிலியாக விடுவது, எதை மாற்றத்தக்கதாக வைப்பது என்ற தீர்மானமே இதனால் தலைகீழாகிவிடும்.

60 கிகாஹெர்ட்ஸில் நாம் பேசுவது 100 பிகோஹென்றி அளவுள்ள மின்தூண்டி. 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு வளையம் ஏறத்தாழ அதைத் தந்துவிடும். அதோடு ஒத்ததிரும் மின்தேக்கம் 70 ஃபெம்டோஃபாரட். இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சில்லின் மேல் ஒரு சாதாரண இணைப்புக் கம்பி, ஒரு மைக்ரோமீட்டர் நீளத்துக்கு அரை முதல் ஒரு பிகோஹென்றி வரை தூண்டலைக் கொண்டிருக்கும். டிரான்சிஸ்டருக்கும் வளையத்துக்கும் நடுவே 10 மைக்ரோமீட்டர் கம்பி போட்டால் மின்தூண்டியில் பத்து விழுக்காடு வரை கூடிப்போயிருக்கும். அளப்பதற்கு வைக்கும் பேடின் மின்தேக்கமே சில பத்து ஃபெம்டோஃபாரட் ஆகும். சுற்று வரைபடத்தில் வெறும் கோடாகத் தெரிவதெல்லாம் இங்கே ஓர் உறுப்பு. எது உறுப்பு, எது இணைப்பு என்ற எல்லையை யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், மின்னோட்டம் திரும்பி வரும் பாதை. வீலர் 1928-இல் ரேடியோச் சுருள்களுக்கு எளிய சூத்திரங்கள் தந்தார். 1999-இல் மோகன், ஹெர்ஷென்சன், பாய்ட், லீ ஆகிய நால்வரும் சில்லின் தட்டைச் சுருளுக்கு அதைத் திருத்திக் கொடுத்தார்கள். அருமையான சூத்திரங்கள். அவை சுருளைப் பற்றிச் சொல்கின்றன, அதைச் சுற்றியுள்ள நில உலோகத்தைப் பற்றிச் சொல்வதில்லை. போன மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதை வடிவமைப்பவரே வரைந்து வைக்காவிட்டால், அது தானாக ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளும். சில்லு திரும்பி வந்த பிறகுதான் அது எந்த வழி என்று தெரியும்.

லேஅவுட் வரையும் தம்பி ஒருவர் ஒருநாள் என் இடத்துக்கு வந்தார்.

"அண்ணா, வளையத்துக்கு நடுவுல ஃபில் போடாம விட முடியாது. டென்சிட்டி பத்தல, டிஆர்சி விடமாட்டேங்குது."

"எவ்ளோ சின்ன சதுரம் போடலாம்?"

"ரொம்பச் சின்னதாவே போடலாம்ண்ணா. ஆனா எண்ணிக்கை ஆயிரக்கணக்குல போகும். உங்க சிமுலேஷன் தாங்குமா?"

"தாங்காது. விளிம்புலேர்ந்து தள்ளி நடுவுல வை. கீழடுக்குல இருக்கறதையும் மேலடுக்குல இருக்கறதையும் நேருக்கு நேர் அடுக்காத."

சில்லின் ஒவ்வோர் உலோக அடுக்கையும் தேய்த்துச் சமப்படுத்தும்போது, உலோகம் ஓரிடத்தில் நிறையவும் ஓரிடத்தில் இல்லாமலும் இருந்தால் மேடுபள்ளமாகிவிடும். அதனால் வெற்றிடங்களில் எதற்கும் பயன்படாத உலோகச் சதுரங்களை, அதாவது ஃபில்லை, நிரப்பச் சொல்கிறது தொழிற்சாலை; அந்த விதிகளைச் சரிபார்ப்பதுதான் டிஆர்சி. வளையத்தின் நடுவெளி காந்தப்புலம் பாய வேண்டிய இடம். அங்கே உலோகம் வைத்தால் ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு சிறு சுழல் மின்னோட்டம் ஓடும். சதுரம் சிறிதாக இருந்தால் சுழலும் சிறிதாகும். பட்டையின் விளிம்பருகே புலம் கடுமையாக இருப்பதால் அங்கிருந்து விலக்குகிறோம். ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறாத இந்தத் தீர்மானங்களில்தான் தரக் காரணி ஒன்றிரண்டு ஏறுவதும் இறங்குவதும் இருக்கிறது. அந்தத் தம்பியின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. அவர் வரைந்த விதத்தால்தான் அந்தச் சில்லு வேலை செய்தது.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் குறுக்க வேண்டும், இடத்தின் விலை மட்டும்தான் காரணமா என்று கேட்கலாம். இன்றைய மில்லிமீட்டர் அலைக் கருவிகள் ஒற்றை ஆன்டெனாவோடு நிற்பதில்லை. பத்து, நூறு ஆன்டெனாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சற்றுச் சற்றாகக் கட்டத்தை மாற்றி, கதிரை வேண்டிய திசைக்குத் திருப்புகிறார்கள். அந்த ஆன்டெனாக்களுக்கு இடையே அரை அலைநீள இடைவெளி வேண்டும். 26 கிகாஹெர்ட்ஸில் அது 5.8 மில்லிமீட்டர். 60-இல் 2.5. 140 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் 1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஓர் ஆன்டெனாவுக்கு உரிய பெருக்கி, கட்டமாற்றி, பிரிப்பான் எல்லாம் அதன் அடியிலேயே அடங்க வேண்டுமானால் அங்கே ஒரு மில்லிமீட்டர் சதுரம்தான் கிடைக்கும். அதிர்வெண் இரட்டித்தால் பாஸிவ் உறுப்பின் நீளம் பாதியாகும், ஆனால் அந்தச் சதுரத்தின் பரப்பு கால்பங்காகும். அளப்பதற்கான பேடுகளும், மின்வழங்கல் கம்பிகளும், கட்டுப்பாட்டு இலக்கச் சுற்றுகளும் அதே வேகத்தில் குறைவதில்லை. எனவே அதிர்வெண் ஏற ஏற நெருக்கடி கூடுகிறது. அலை சிறிதானால் எல்லாம் எளிதாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் சில்லுத் தொழில் பற்றி இப்போது உற்சாகமாகப் பேசுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் நானோமீட்டர் எண்ணிலேயே நிற்கிறது. எண் குறைந்தால் முன்னேற்றம், கூடினால் பின்தங்கல். கணினிச் சில்லுகளுக்கு அது சரியாக இருக்கலாம். மில்லிமீட்டர் அலைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தொழில்நுட்பம் மிகவும் சிறுத்துப் போகும்போது கீழடுக்கு உலோகங்கள் மெலிகின்றன, நிரப்பு விதிகள் இறுகுகின்றன, பாஸிவ் உறுப்புகளுக்கு எந்த நன்மையும் கிடைப்பதில்லை. வளையத்தின் அளவு அப்படியே இருக்கிறது, அது உட்காரும் இடத்தின் விலை மட்டும் ஏறுகிறது. 65 நானோமீட்டரும், 45 நானோமீட்டர் எஸ்ஓஐ-யும், 130 நானோமீட்டர் சிலிக்கான்-ஜெர்மேனியமும் இந்தத் துறையில் இன்னும் மதிப்போடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே தேவைப்படுவது புலத்தையும் திரும்பு பாதையையும் மனத்தில் வரைந்து பார்க்கக்கூடிய ஆட்கள். ஆட்களை உருவாக்குவதற்கு ஆயிரக்கணக்கான கோடி வேண்டாம்.

நம் பொறியியல் கல்லூரிகளில் மின்காந்தவியலைத் தேர்வில் தாண்ட வேண்டிய தாளாக மட்டுமே வைத்திருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மேக்ஸ்வெல் சமன்பாடுகளை மனப்பாடமாக எழுதும் மாணவர், ஒரு வளையத்தில் மின்னோட்டம் எந்த விளிம்பில் நெருங்கும் என்று கேட்டால் திகைத்து நிற்கிறார். அதை அவர் கையால் வரைந்து பார்க்க வாய்ப்பே தரப்படவில்லை. அந்த வாய்ப்புக்கு இருந்த பெரிய தடை, தொழிற்சாலைகளின் ரகசியக் கோப்புகள். இப்போது அதுவும் ஓரளவு விலகியிருக்கிறது. ஜெர்மனியில், ஓடர் நதிக்கரை ஃபிராங்க்ஃபுர்ட்டில் உள்ள ஐஎச்பி நிறுவனம் தன் 130 நானோமீட்டர் சிலிக்கான்-ஜெர்மேனியத் தொழில்நுட்பத்தின் வடிவமைப்புக் கோப்புகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. உலோக அடுக்குகளின் தடிமன், இடைவெளி, விதிகள் எல்லாவற்றையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். மின்காந்தப் புலத்தைக் கணக்கிட ஓப்பன்இஎம்எஸ் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சாதாரண மடிக்கணினி போதும்.

தொடங்க விரும்பும் மாணவர் முதலில் பெருக்கி வரையப் போக வேண்டாம். மேலடுக்கு உலோகத்தில் 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒற்றை வளையம் ஒன்று வரையட்டும். நிலம் எங்கே சுற்றி வருகிறது என்பதையும் சேர்த்து வரையட்டும். இரு முனைகளிலும் பேடுகள். பக்கத்திலேயே அதே பேடுகள், அதே நிலம், வளையம் மட்டும் இல்லாத இரண்டாவது அமைப்பு. வளையத்தின் இடத்தில் குறுக்கே இணைத்துவிட்ட மூன்றாவது ஒன்று. மூன்றையும் 1 முதல் 100 கிகாஹெர்ட்ஸ் வரை கணக்கிட்டு, முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது வளையத்தின் தூண்டல். அதை மோகனின் சூத்திரம் தரும் எண்ணோடு வைத்துப் பார்த்து, வேறுபாடு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, நிலத்தை வளையத்திலிருந்து இன்னும் 20 மைக்ரோமீட்டர் தள்ளி வைத்து மறுபடி ஓட்டட்டும்.